தேவாலாப் பொன்னும் ஒரு சோற்றுப் பதமும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் பந்தலூர் நோக்கிச் செல்லும் சாலையில் தேவாலா என்றொரு சிற்றூர் இருக்கிறது. மழைக்குப் பெயர் பெற்ற ஊர். மலபார்க் கரையைத் தாண்டி ஏறிவரும் தென்மேற்குப் பருவக்காற்று மோதும் மலை விளிம்பில் அது அமைந்திருப்பதால், ஆனி ஆடி மாதங்களில் அங்கே குடை பிடிப்பது வெறும் சம்பிரதாயமே தவிர, அதனால் நனையாமல் தப்பியவர் எவரும் இலர். தேயிலைத் தோட்டங்களும், நான்கு கடைகளும், ஒரு காவல் நிலையமும் கண்ணில் படும் இவ்வூரின் பெயர் 1880ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் பங்கு வணிகர்கள் நாவிலெல்லாம் புரண்டது என்று சொன்னால், பேருந்துக்குக் காத்து நிற்பவர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கக் கூடும். ஆயினும் அது உண்மை. காரணம் தங்கம்.

இன்றைக்கு அந்தக் காலத்தின் எச்சமாக அங்கு நிற்பவை, தேயிலைச் சரிவுகளுக்கும் காட்டுக்கும் இடையே திறந்து கிடக்கும் குகை வாய்களும், புதர் மூடிய செங்குத்துக் குழிகளுமே. சில குகைகள் ஆள் நிமிர்ந்து நடக்குமளவு உயரமானவை. சில தவழ்ந்து செல்ல மட்டுமே இடம் தருபவை. அவற்றுள் எவை வெள்ளையர் குடைந்தவை, எவை அதற்கும் முற்பட்டவை என்பதை ஊரார் பிரித்தறிவதில்லை. எல்லாமே 'தங்கக் குழி'தான்.

முற்பட்டவை உண்டு என்பதில் ஐயமில்லை. வயநாட்டு மண்ணில் பொன் இருப்பதை வெள்ளையர் கண்டுபிடிக்கவில்லை; கண்டுபிடித்தவர்களைக் கண்டார்கள், அவ்வளவுதான். பணியரும் குறும்பரும் ஆற்று மணலை மரத்தட்டில் இட்டு அலசிப் பொன் துகள் எடுத்து நிலவுடைமையாளர்களுக்குக் கொடுத்து வந்தனர். அதோடு நிற்கவில்லை, வெள்ளைக் கல்லைப் பாறையிலிருந்து பெயர்த்து, கல்லுரலில் இடித்து மாவாக்கி, அதை அலசியும் பொன் எடுத்தனர். அம்மக்களில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அவர்கள் எடுத்த பொன்னில் ஒரு குந்துமணியேனும் அவர்கள் பெண்டிர் காதில் ஏறியிருக்குமா என்பது வரலாறு எழுதியோர் கேட்காத கேள்வி.

1831ஆம் ஆண்டில் இச்செய்தி மலபார் கலெக்டர் வழியாக அரசாங்கத்தின் காதை எட்ட, நிக்கல்சன் என்னும் இளம் இராணுவ அதிகாரி ஆராய்ந்து வர அனுப்பப்பட்டார். காய்ச்சலும் காடும் அவ்வாராய்ச்சியை முடித்து வைத்தன. பின்னர் ஒரு தலைமுறைக் காலம் அப்பேச்சு அடங்கிக் கிடந்தது.

தங்கம் அந்த மலைக்குள் எப்படி வந்தது என்பதை முதலில் அறிந்துகொண்டால், பின்னால் நடந்தது விளங்கும்.

கொங்குச் சீமையில் வெங்கச்சங்கல் என்றும், பிற இடங்களில் வெறுமனே வெள்ளைக்கல் என்றும் சொல்லுகிறோமே, அந்தக் கல்லே இக்கதையின் நாயகன். பூமியின் ஆழத்தில், பல கிலோமீட்டர் அடியில், பாறைகள் நெருக்குண்டு வெந்து உருமாறும்போது அவற்றினின்று சூடான நீர் வெளியேறுகிறது. கொதிநிலையைக் கடந்து, சுமார் 300 பாகை வெப்பத்தில் இருந்தாலும், மேலிருக்கும் பாறையின் பளு அதனை ஆவியாக விடுவதில்லை. அந்த நீரில் மணற்சத்தும், கந்தகமும், கந்தகத்தைப் பற்றிக்கொண்டு மிகச் சிறிதளவு பொன்னும் கரைந்திருக்கும். நில அசைவால் பாறையில் பிளவு ஏற்படும்போது, அடைபட்டிருந்த நீர் அப்பிளவினுள் பீறிட்டு ஏறுகிறது. அழுத்தம் சட்டெனக் குறைகிறது; சுற்றுப் பாறையிலுள்ள இரும்பு, நீரிலிருந்த கந்தகத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. துணையை இழந்த பொன் தனித்து நிற்க இயலாமல் அவ்விடத்திலேயே படிகிறது. மணற்சத்து வெண்கல்லாக உறைந்து பிளவை அடைக்கிறது. மறுபடி அசைவு, மறுபடி பிளவு, மறுபடி நீர். இவ்வாறு நூற்றுக்கணக்கான முறை நிகழ்ந்த பின்பு பாறையினூடே ஒரு வெண்ணிறப் பட்டை உருவாகிறது. அதனைக் கல்நரம்பு என்போம். உடம்பில் நரம்பு ஓடுவது போன்றே அதுவும் ஓரிடத்தில் பருத்தும், ஓரிடத்தில் மெலிந்தும், ஓரிடத்தில் இல்லாமலே போயும் ஓடும். பொன் அதில் எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. நீர் தடைப்பட்ட இடம், நரம்பு வளைந்த இடம், இரண்டு நரம்புகள் கூடிய இடம் என்று ஆங்காங்கே திரண்டு கிடக்கும். இடைப்பட்ட நூறு அடியில் ஒன்றுமே இராது.

தேவாலாவைச் சுற்றியுள்ள பழைய, இறுகிய உருமாற்றப் பாறைகளின் ஊடே இத்தகைய கல்நரம்புகள் பல உள்ளன. அவற்றில் வெண்கல்லோடு கூடவே பைரைட் என்னும் கந்தக இரும்புக்கல் விரவியிருக்கிறது. பொன்னின் பெரும்பகுதி அந்தப் பைரைட்டை அண்டியே இருக்கிறது.

இங்கேதான் மழை ஒரு வேலை செய்கிறது. தரைக்கு அருகிலுள்ள பைரைட் மழைநீரும் காற்றும் பட்டுத் துருவாகிக் கரைந்தோடிவிட, வெண்கல்லில் தேன்கூடு போன்ற பொத்தல்களும் செந்நிறக் கறையும் எஞ்சுகின்றன. பொன் துருப்பிடிக்காத உலோகமாதலால் அப்பொத்தல்களில் தளர்வாகத் தங்கிவிடுகிறது. சுற்றியிருந்தது கரைந்து போனதால் அதன் விகிதமும் கூடிவிடுகிறது. எனவே மேற்பரப்பில் கிடக்கும் கல்லை இடித்து அலசினால் பொன் எளிதில் வரும். பாதரசமும் அதனை எளிதில் பற்றிக்கொள்ளும். பத்து இருபது அடிக்குக் கீழே, மழை தீண்டாத கல்லிலோ, பொன் குறைவு. அந்தக் குறைந்த பொன்னும் பைரைட்டின் உள்ளே சிறைப்பட்டிருப்பதால் பாதரசத்திற்கு அகப்படுவதில்லை. மலையின் மேல்தோல் ஒரு கணக்கும், உட்சதை வேறொரு கணக்கும் சொல்லுகின்றன. பணியர் மேல்தோலோடு நின்றுகொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் மேல்தோலின் கணக்கை வைத்து உட்சதைக்கு விலை பேசினார்கள்.

நமக்கு இந்த விவகாரத்தில் நேரடி ஈடுபாடு வந்தது புத்தகத்தால் அன்று. எம் தங்கையின் சம்பந்தி வீடு கூடலூரில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டுத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, பந்தி முடிந்து நாம் முற்றத்தில் அமர்ந்திருந்த நேரத்தில், அந்த வீட்டு இளைஞர் ஒருவர் கைக்குட்டையில் முடிந்த ஒரு கல்லைக் கொண்டுவந்து நம் கையில் வைத்தார். டிப்ளமா படித்தவர், சரியான வேலை அமையவில்லை. மணமாக வேண்டிய தங்கைகள் இருவர்.

"மாமு, நீங்க கல்லு மண்ணு பத்தியெல்லாம் படிப்பீங்கன்னு அத்தா சொல்லுவாங்க. இதுல தங்கம் இருக்கா, பாருங்க" என்றார்.

உள்ளங்கை அகல வெங்கச்சங்கல். அதன் ஒரு பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் பளபளவென்று சதுரம் சதுரமாக மின்னியது. எங்கே கிடைத்தது என்று வினவினோம். தேவாலாப் பக்கத்து நண்பர்கள் கொடுத்தது என்றார். அவர்கள் எங்கே எடுத்தார்கள் என்றதற்கு விடையில்லை. விடை தேவைப்படவுமில்லை. உள்ளே மீன் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்த அவருடைய தாயார் கரண்டியை நிறுத்திவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னையும் பைரைட்டையும் பிரித்தறிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. பத்தர்களின் பட்டறையில் வளர்ந்த பிள்ளைகள் விளையாட்டாகவே செய்வார்கள். ஊசி முனையால் அழுத்தினால் பொன் குழியும், பைரைட் நொறுங்கும். மெருகிடாத பீங்கான் ஓட்டின் அடிப்புறத்தில் தேய்த்தால் பொன் மஞ்சள் கீற்று இடும். பைரைட் கரும்பச்சை கலந்த கருப்புக் கீற்று இடும். நெருப்பிலிட்டால் பைரைட் கந்தக நெடி வீசும். பொன்னோ இளகுமேயன்றி வாசனை காட்டாது. எல்லாவற்றையும்விட எளியது, பார்வையே. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பைரைட் ஒரு கோணத்தில் மின்னி மறு கோணத்தில் மங்கும். பொன் எக்கோணத்திலும் ஒரே நிறமாக இருக்கும், நிழலிலும் அப்படியே.

அந்தக் கல் ஊசிக்கு நொறுங்கியது. இளைஞரின் முகம் வாடியதைக் கண்டபோது, அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. கண்ணுக்குத் தெரிந்த மஞ்சள் பொன் அன்று. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பொன் அதே கல்லில் இருக்கலாம். ஆகவே மறுநாள் காலை அதனை அம்மிக் குழவியால் இடித்துத் தூளாக்கி, பின்கட்டில் ஒரு தாம்பாளத்தில் நீர்விட்டு அலசிக் காட்டினோம். பொன்னின் அடர்த்தி நீரைப் போல் 19 மடங்குக்கு மேல். வெங்கச்சங்கல் மூன்று மடங்கைக்கூட எட்டாது. தட்டைச் சாய்த்துச் சுழற்றும்போது இலேசான கல் தூள் நீரோடு வழிந்துவிட, கனமானது பின்தங்கும். பணியரின் மரத்தட்டும் இதே நியாயத்தில் இயங்கியதுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கஜ்னியில் வாழ்ந்த அறிஞர் அல்பிரூனி, உலோகங்களையும் மணிகளையும் ஒரு கூம்பு வடிவக் கலத்து நீரில் இட்டு, வழிந்த நீரை நிறுத்து, பொன்னுக்கும் பிறவற்றுக்கும் உள்ள அடர்த்தி விகிதத்தைக் கணக்கிட்டு எழுதி வைத்தார். அவருடைய எண்கள் இன்றைய எண்களுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி நிற்கின்றன. பொன்னைப் பற்றி நம் இல்லங்களில் சவரனும் செய்கூலியும் பேசுகிற அளவுக்கு இதைப் பேசுவதில்லையே என்று நமக்கு எப்போதும் ஒரு குறை.

தாம்பாளத்தின் விளிம்பில், கருமணல் கீற்றின் நுனியில், ஊசிமுனை அளவில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி தங்கியது. நிழலிலும் அது மங்கவில்லை. இளைஞர் மூச்சுவிடாமல் பார்த்தார். அவர் தாயாரும் பார்த்தார். அந்த ஒரு புள்ளி அவ்வீட்டில் என்ன செய்துவிடும் என்பது நமக்கு அக்கணத்திலேயே புரிந்தது. ஏனெனில் அதே புள்ளிதான் 1880இல் இலண்டனிலும் அந்த வேலையைச் செய்தது.

அந்தக் கதை இப்படிப் போகிறது. 1860களில் வயநாட்டுக் காப்பித் தோட்டங்கள் தண்டு துளைப்பான் புழுவால் அழிந்தன. தொடர்ந்து இலைநோயும் வந்தது. கடனில் மூழ்கிய வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் தங்கள் நிலத்தில் வேறு ஏதேனும் விளையாதா என்று ஏங்கியிருந்த காலம். ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் உழைத்தவர்கள் சிலர் தேவாலாப் பக்கத்து வெண்கல்லைக் கண்டு ஆசை மூட்டினர். 1874இல் ஆல்பா என்னும் கம்பெனி தோன்றிக் கல்லை இடிக்கத் தொடங்கியது. 1875இல் இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் இப்பகுதியை ஆராய்ந்து ஒரு முற்குறிப்பு வெளியிட்டார். பின்னர் அரசாங்கம், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்து 1876இல் பதவி விலகிய ராபர்ட் பிரவ் ஸ்மித் என்பவரை வரவழைத்தது. 1880இல் வெளியான அவருடைய அறிக்கை, பொன் தாங்கிய நரம்புகள் ஏராளம் என்று உரைத்தது. அது பொய்யன்று. நரம்புகள் ஏராளம்தாம். பொன்னும் இருந்தது. ஆனால் 'பொன் இருக்கிறது' என்னும் வாக்கியத்திற்கும் 'பொன் கட்டுபடியாகும்' என்னும் வாக்கியத்திற்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பவர் அன்று யாருமில்லை.

இலண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. அவற்றின் மொத்த மூலதனம் காகிதத்தில் 40 லட்சம் பவுனைத் தாண்டியது. நோயுற்ற காப்பித் தோட்டங்கள், ஓரத்தில் ஒரு வெள்ளைக்கல் தெரிந்தால் போதும், பொன் விலைக்கு விற்றன. திரட்டிய பணத்தின் பெரும்பகுதி நிலத்தை விற்றவர்கள் பைக்கே போய்ச் சேர்ந்தது. மலையைக் குடைய எஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் எதில் இட்டார்கள்? கல்லைச் சோதிப்பதில் அன்று. கல் இடிக்கும் இரும்பு உலக்கை இயந்திரங்களை வாங்குவதில்! கப்பலில் வந்த பெரும் இயந்திரங்கள் மாட்டு வண்டிகளிலும் மனிதர் தோள்களிலும் மலைப்பாதையில் ஏறின. பந்தலூரில் பங்களாக்களும் கடைகளும் எழுந்தன. மலைக்காய்ச்சல் கூலியாட்களை வாரிக்கொண்டு போயிற்று. இயந்திரங்கள் ஓடத் தொடங்கியபோது, டன்னுக்கு எத்தனையோ அவுன்சு என்று பங்குதாரர்களுக்குச் சொல்லப்பட்ட கல், அதில் ஒரு சிறு பின்னமே ஈந்தது. ஓரிரு ஆண்டுகளில் எல்லாம் குலைந்தது. 1908இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த நீலகிரி மாவட்ட கெஸட்டியர் இந்தக் கதையை விரிவாகச் சொல்லுகிறது. அலுவல் நூலாயிருந்தும், படிப்பவருக்கு நாவலின் சுவை தட்டும்.

அறிக்கை எழுதியவரை மட்டும் குற்றஞ்சாட்டிப் பயனில்லை என்பதே நம் கருத்து. குற்றம் ஒரு பழமொழியில் இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சோற்றுக்கு அது முற்றிலும் பொருந்தும். ஏனெனில் பானைக்குள் கொதிநீர் எல்லாப் பருக்கையையும் ஒரே விதமாக நடத்துகிறது. கல்நரம்பு அப்படிப்பட்ட பானை அன்று.

அந்த வீட்டு இளைஞருக்கும் இதைத்தான் சொல்ல முயன்றோம். சமையலறையில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று இருந்தது. அதில் ஏறக்குறைய பத்து லட்சம் மணிகள் இருக்கும். ஒரு டன் கல்லில் ஒரு கிராம் பொன் என்றால், அந்தச் சிப்பத்தில் ஒரே ஒரு மணி பொன்மணி என்று பொருள். டன்னுக்கு ஒரு சவரன், அதாவது எட்டுக் கிராம் இருந்துவிட்டால், அது சுரங்கக்காரர்கள் நிமிர்ந்து உட்காரும் கல்; அப்போதும் சிப்பத்தில் எட்டு மணிகளே பொன். இப்போது நீ கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி அள்ளுகிறாய் என்று வைத்துக்கொள். ஒரு பிடியில் ஆயிரத்து ஐந்நூறு மணி வரும். பெரும்பாலும் பொன் அகப்படாது. 'இந்தச் சிப்பத்தில் ஒன்றுமே இல்லை' என்பாய். அதிர்ஷ்டவசமாக ஒரு மணி அகப்பட்டுவிட்டால், 'ஒரு பிடியில் ஒன்று, அப்படியானால் சிப்பம் முழுதும் அறுநூறுக்கு மேல்' என்று கணக்குப் போடுவாய். இரண்டுமே தவறு. கண்ணைத் திறந்துகொண்டு, மஞ்சளாகத் தெரிந்த இடத்தில் கையை விட்டு அள்ளினாயோ, அதைவிடப் பெருந்தவறு. உன் நண்பர்கள் உன்னிடம் கொடுத்த கல், கண்ணைத் திறந்துகொண்டு அள்ளிய பிடி.

"அப்போ எப்படித்தான் மாமு கண்டுபிடிக்கிறது?" என்று அவர் கேட்ட கேள்வியில் இருந்த கூர்மை நமக்குப் பிடித்திருந்தது.

முறை இருக்கிறது. அதில் கவர்ச்சி ஏதுமில்லை என்பதுதான் அதன் குறை. முதலில் கல்நரம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்திசையில் ஓடுகிறது, எவ்வளவு சரிவாக மண்ணுக்குள் இறங்குகிறது என்று படம் வரைய வேண்டும். பிறகு நரம்புக்குக் குறுக்கே, குறிப்பிட்ட சில அடிகளுக்கு ஒன்றாகப் பள்ளம் வெட்ட வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் நரம்பின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில், உளியால் வாய்க்கால் செதுக்கி, விழும் தூள் முழுவதையும் சேகரிக்க வேண்டும். அழகான கல்லென்று சேர்த்துக்கொள்ளவும் கூடாது. அழுக்குக் கல்லென்று தள்ளவும் கூடாது. அதனை அரைத்து, கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை எடுத்து, மறுபடி பகுத்து, ஒரு சிறு பொட்டலத்தில் கொண்டுவந்து புடம் போட வேண்டும். ஈயச் சுண்ணத்தோடு உருக்கினால் ஈயம் பொன்னைத் தேடிப் பிடித்து அடியில் சேர்க்கும். எலும்புச் சாம்பலில் செய்த சிறு கிண்ணத்தில் மீண்டும் காய்ச்சினால் ஈயம் கிண்ணத்திற்குள் உறிஞ்சப்பட்டுவிட, பொன்னும் வெள்ளியும் கலந்த கடுகளவு மணி மிஞ்சும். வெள்ளியை அமிலத்தில் கரைத்துவிட்டு அதனை நிறுக்க வேண்டும். பிறகு துளைக் கருவியால் ஆழத்திலிருந்து உருளை உருளையாகப் பாறையை எடுத்து, அங்கும் இதே கதை. நூறு, ஆயிரம் என்று எண்கள் சேர்ந்த பிறகே, 'இந்த நரம்பில் இத்தனை டன்னில் சராசரி இவ்வளவு' என்று ஒரு வாக்கியம் எழுத இயலும். அந்த வாக்கியத்திற்காகவே எல்லாப் பாடும்.

தேவாலாவுக்கு அந்த வாக்கியம் மிகவும் தாமதமாக வந்தது. இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த ஹேடனும், சுரங்க வல்லுநர் ஹாட்சும் வயநாட்டுப் பொன் நிலங்களை முறையாக ஆராய்ந்து, 1901இல் வெளியான அத்துறையின் நூல்வரிசையில் தங்கள் முடிவை வெளியிட்டனர். பொன் உண்டு, இலாபம் தருமளவு இல்லை என்பதே அதன் சாரம். கம்பெனிகள் குலைந்து இருபது ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு. இதையே 1879இல் எழுதியிருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்! ஆனால் 1879இல் யாரும் இதைக் கேட்க விரும்பியிருக்க மாட்டார்கள் என்பதும் நாம் அறிந்ததே.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பு வாதம் ஒன்றுண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அந்த இளைஞரே கேட்டுவிட்டார்: "அப்போ கோலார் மட்டும் எப்படி மாமு?"

கோலார்த் தங்கவயலின் வரலாறு, முழுதாகச் சொல்லாவிடில், ஆசைக்கு எண்ணெய் வார்க்கும் வரலாறு. அங்கும் பழங்காலக் குழிகள் இருந்தன. 1802இல் வாரன் என்னும் அதிகாரி கிராமத்தார் பொன் எடுப்பதைக் கண்டு எழுதினார். 1873இல் லாவெல் என்பவர் உரிமம் கேட்டார். 1880இல் மைசூர்த் தங்கச் சுரங்கக் கம்பெனி தோன்றியது. அதுவும் பணத்தையெல்லாம் கரைத்துவிட்டு மூடும் தறுவாய்க்கு வந்தது. மேலாண்மை செய்த ஜான் டெய்லர் நிறுவனத்தார், எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு இறுதியாக ஒரு முறை முயலலாம் என்று பிளம்மர் என்னும் சுரங்கத் தலைவரை அனுப்பினர். அவர் பழையோர் நிறுத்திய குழிகளுக்கும் கீழே இறங்கி, சாம்பியன் நரம்பைக் கண்டார். மற்றவை உலகறிந்தவை. அச்சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கி, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்படும் வரை ஏறத்தாழ 800 டன் பொன் தந்தது. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழர்களின் நுரையீரல்களில் அந்தக் கல்தூள் படிந்தது தனிக் கதை.

'இன்னும் பத்தடி வெட்டியிருந்தால் தேவாலாவும் கோலார் ஆகியிருக்குமே' என்னும் ஏக்கம் இதிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் இரண்டு மலைகளும் ஒன்றல்ல. கோலாரில் உள்ளது சுமார் 270 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த, இரும்புச் சத்து மிகுந்த கரும்பாறைப் பட்டை. சாம்பியன் நரம்பு அதனூடே கிலோமீட்டர்க் கணக்கில் நீளவாட்டிலும் ஆழவாட்டிலும் தொடர்ந்து சென்றது. தேவாலா நரம்புகளுக்கு அந்தத் தொடர்ச்சி இல்லை. மேற்பரப்பில் எண்ணிக்கை மிகுதி, உள்ளே உயிர் குறைவு. போதாக்குறைக்கு, பைரைட்டில் சிறைப்பட்ட பொன்னை விடுவிக்கும் சயனைடு முறையை மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கிளாஸ்கோவில் காப்புரிமை செய்ததே 1887இல்தான். தேவாலாவின் இயந்திரங்கள் அதற்குள் அடங்கிப் போயிருந்தன. கோலாருக்கு அம்முறை உரிய காலத்தில் கைகொடுத்தது. சயனைடு முன்னரே வந்திருந்தாலும், 1901ஆம் ஆண்டின் கணக்கைப் பார்த்தால், தேவாலா தேறியிருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

பிற்காலத்தில் அம்மலைகளில் வேறு மக்கள் வந்து குடியேறினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் பலர் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அமர்த்தப்பட்டனர். அரசு தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே எழுந்தன. தேயிலை விலை வீழும்போதும் வேலை நாட்கள் குறையும்போதும், பொன் விலையோ ஏறிக்கொண்டே போகும்போதும், மலைச்சரிவில் திறந்து கிடக்கும் அந்த வாய்கள் இளைஞர்களை அழைக்கின்றன. சட்டம் தடுக்கிறது; அதிகாரிகள் அவ்வப்போது குழிகளை மூடுகிறார்கள்; மூடியவை இரவில் திறக்கின்றன. மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் உள்ளேயே மாண்டவர்களைப் பற்றிய செய்திகள் நாளேடுகளில் அவ்வப்போது வந்துள்ளன.

மூச்சுத் திணறல் ஏன் என்பதைப் பலர் அறியார். பைரைட் துருப்பிடிப்பதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். மக்கிப் போகும் முட்டுமரங்களுக்கும் வேண்டும். காற்றோட்டமற்ற பழங்குகையில் நூறாண்டுகளாக இவை இரண்டும் பிராணவாயுவைத் தின்றுகொண்டே இருக்கின்றன. உள்ளே புகுபவனுக்கு நெடியோ எரிச்சலோ தெரியாது. விளக்கு மங்கும், கால் தளரும், அவ்வளவுதான். காப்பாற்றச் செல்பவனும் அதே இடத்தில் விழுவான். மழையில் ஊறிய செம்மண்ணோ முன்னறிவிப்பின்றி இறங்கும். இவற்றுக்கெல்லாம் தப்பி மூட்டையோடு வெளியேறியவன், வீட்டில் அதனை இடித்து, பாதரசம் கலந்து, துணியில் பிழிந்து, அந்த உருண்டையை அடுப்பில் வைத்துக் காய்ச்சுகிறான். ரசம் ஆவியாகிப் பொன் மிஞ்சும். அந்த ஆவி சமையலறை முழுதும் பரவி, குழந்தைகளின் நரம்பையும், கருவுற்றிருக்கும் பெண்ணின் வயிற்றையும் தேடிச் செல்லும்.

அன்று கூடலூர் வீட்டில் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தோம். ஒரு பேச்சுக்கு, கல்லில் டன்னுக்கு இரண்டு கிராம் என்றும், பாதரசம் அதில் பாதியைப் பிடிக்கும் என்றும் வைத்துக்கொண்டோம். ஒரு சவரனுக்கு எட்டு டன் கல். முதுகில் ஒரு நடைக்கு 25 கிலோ தூக்கினால் 320 நடை. தவழ்ந்து போய், தவழ்ந்து வரும் நடை. அதனை இடிக்க வேண்டும். கூட்டாளிகளோடு பங்கிட வேண்டும். வாங்குபவர் சொல்லும் விலைக்கே விற்க வேண்டும். ஏனெனில் காவல் நிலையத்தில் போய் முறையிட இயலாது. இளைஞர் கைப்பேசியில் அழுத்தி அழுத்திக் கணக்கிட்டார். அவர் தாயார் கதவு நிலையில் சாய்ந்து நின்று, "முந்நூத்தி இருவது வாட்டியா?" என்று ஒரு முறை மட்டும் கேட்டார்.

தாம்பாளத்திலிருந்த மஞ்சள் புள்ளியை அவர் ஈர விரல் நுனியில் ஒற்றியெடுத்து, ஒரு தாளில் மடித்து வைத்தார். அதை என்ன செய்தார் என்று நாம் கேட்கவில்லை.

இப்போது அவர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பசுந்தேயிலை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். மூத்த தங்கைக்குத் திருமணம் முடிந்துவிட்டது. நகை குறைவுதான், மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, தம் பழைய நண்பர்களில் இருவர் இன்னும் இரவில் போய் வருவதாகவும், இந்த ஆண்டு மழை முன்கூட்டியே தொடங்கிவிட்டதாகவும் சொன்னார்.